வாய்ப்புண்ணுல ஆரம்பிச்சு உடம்பெல்லாம் கொப்புளம்: நம்ம ஆன்டிபாடியே நம்ம தோலை எப்படிப் பிரிக்குது?

கயல்_விருதுநகர்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 49 வயசு. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி கன்னத்துக்கு உள்பக்கம் புண்ணு வந்துச்சு, வயித்துச் சூடுதான்னு மணத்தக்காளிக் கீரையும் தேங்காப்பாலும் குடுத்துப் பார்த்தோம், ஆறவே இல்ல. பல் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனோம், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவுற ஜெல்லும் குடுத்தாங்க, எரிச்சல் கொஞ்சம் அடங்குச்சு அவ்ளோதான். போன மாசம் முதுகுலயும் மார்புலயும் கொப்புளம் வர ஆரம்பிச்சுது. தெருவுல எல்லாரும் அக்கின்னாங்க, குயவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் காவி வச்சு அக்கி எழுதிட்டு வந்தோம், அதுல ஒரு வாரம் போச்சு. அப்புறம் இது அம்மைன்னு சொல்லி வேப்பிலை கட்டி அம்மாவை தனி ரூம்ல படுக்க வச்சு, தட்டு டம்ளர் எல்லாம் தனியா எடுத்து வச்சுட்டாங்க. கொப்புளம் முழுசா நிக்கிறதே இல்ல, ஜாக்கெட் உரசுன இடத்துல தோல் அப்படியே வழண்டு வந்துருது, காலைல பார்த்தா பெட்ஷீட்ல ஒட்டிட்டு இருக்கு. அதைப் பிரிக்கும்போது அம்மா போடுற சத்தம் கேட்டு எனக்கு கை கால் எல்லாம் நடுங்குது.

நேத்துதான் ஸ்கின் டாக்டர்கிட்ட போனோம். டார்ச் அடிச்சு வாயைப் பார்த்துட்டு, புண்ணுக்குப் பக்கத்துல நல்லா இருந்த தோலை விரலால லேசா தள்ளினார், மேல்தோல் நகர்ந்து வந்துருச்சு. பார்த்த உடனே பெம்ஃபிகஸ் வல்காரிஸ் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு பயாப்ஸி எழுதிக் குடுத்தார். கிருமி இல்ல, உங்க அம்மா உடம்புல உருவான ஆன்டிபாடியே தோலைப் பிரிக்குதுன்னார். கூட்டம் அதிகம், அதுக்கு மேல கேக்க முடியல.

ஆன்டிபாடின்னா கிருமியைப் புடிக்கிறதுன்னுதான ஸ்கூல்ல படிச்சோம், அது எப்படி தோலைப் பிரிக்கும்? ஏன் முதல்ல வாய்ல வந்துச்சு? தொட்டா ஒட்டுமா? எனக்கு ரெண்டு சின்னப் பசங்க இருக்காங்க, அவங்களை பாட்டிகிட்ட விடவே மாட்டேங்குறாங்க வீட்ல. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

லேப்_முருகன்:

தங்கச்சி, முதல்ல கடைசிக் கேள்விக்கு பதில் சொல்லிடுறேன். இது ஒட்டாது. ஒட்டவே ஒட்டாது. பசங்களை பாட்டி பக்கத்துல உக்கார வைங்க, தனித் தட்டு வேண்டாம், இன்னைக்கே அந்த ரூம் கதவைத் திறந்து விடுங்க. ஒரே ஒரு விஷயம், யாருக்காவது சளி காய்ச்சல் இருந்தா அவங்க அம்மாகிட்ட போகக்கூடாது, ஏன்னா அம்மாவுக்குத்தான் தோல் திறந்து கிடக்கு, இனி குடுக்கப் போற மருந்தும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். அவங்களால நமக்கு ஆபத்து இல்ல, நம்மளாலதான் அவங்களுக்கு.

நான் இம்யூனாலஜி லேப்ல 11 வருஷமா இருக்கேன், இந்த சாம்பிள் நிறைய பார்த்திருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நம்ம மேல்தோல் ஒரே ஷீட் இல்ல, செல்லு மேல செல்லா அடுக்கி இருக்கு. ஒரு செல்லும் பக்கத்து செல்லும் எப்படிப் பிடிச்சுக்குதுன்னா ஜாக்கெட் கொக்கி மாதிரி, இந்த செல்லுல இருந்து ஒரு கொக்கி நீளும், அந்த செல்லுல இருந்து ஒண்ணு நீளும், ரெண்டோட நுனியும் நடுவுல மாட்டிக்கும். இந்தக் கொக்கிங்க மொத்தமா கூடி நிக்கிற இடத்துக்குப் பேரு டெஸ்மோசோம், கொக்கிக்குப் பேரு டெஸ்மோக்ளீன். அம்மா உடம்புல என்ன ஆச்சுன்னா, இந்தக் கொக்கியையே வெளி ஆள்னு நினைச்சு அதுக்கு எதிரா ஐஜிஜி வகை ஆன்டிபாடி உருவாகியிருக்கு. அது போய் சும்மா எங்கயோ ஒட்டல, சரியா அந்த மாட்டுற நுனில போய் உக்காருது. நுனில ஏதாவது அடைச்சிட்டா கொக்கி மாட்டுமா? மாட்டாது. அதோட நிக்கிறதும் இல்ல, ஆன்டிபாடி உக்காந்த கொக்கிங்களை செல்லே உள்ள இழுத்துக்குது, புதுசா டெஸ்மோசோம் கட்ட ஆள் இல்லாமப் போகுது. செல்லு செல்லா கை விட்டுப் போய் நடுவுல இடைவெளி விழும், அதுல நீர் கோக்கும், அதுதான் கொப்புளம். செல்லு சாகல, பிடிதான் போச்சு, இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி நோய் புரிஞ்ச மாதிரி.

இப்ப ஏன் வாய்ல முதல்லன்னு கேட்டீங்கள்ல, எனக்கு இந்த நோய்லயே ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். கொக்கில நம்பர் இருக்கு, இங்க முக்கியமானது 1ம் 3ம். தோல்ல மேல் அடுக்குல 1 நிறைய, அடி அடுக்குல 3 நிறைய, அடில 1ம் கொஞ்சம் இருக்கும். வாய்க்குள்ள கதை வேற, மேல இருந்து கீழ வரைக்கும் 3தான் ஆட்சி, 1 பேருக்குத்தான் இருக்கு. அதனால 3க்கு எதிரா மட்டும் ஆன்டிபாடி வந்தா தோல்ல 1 நின்னு தாங்கிப் பிடிச்சுக்கும், வாய்ல தாங்க ஆளே இல்ல, அங்க மட்டும் புண்ணு. உங்க அம்மாவுக்கு முதல் நாலு மாசம் அப்படித்தான் இருந்திருக்கும். அப்புறம் 1க்கு எதிராவும் ஆன்டிபாடி உருவானதும் தோலும் விட்டுருச்சு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க, 1க்கு எதிரா மட்டும் இருந்தா வாய் நல்லா இருக்கும், தோலோட மேல் அடுக்கு மட்டும் அப்பளம் மாதிரி உரிஞ்சு வரும், அதுக்கு பெம்ஃபிகஸ் ஃபோலியேஷியஸ்னு பேரு. குழந்தைங்களுக்கு ஒரு வகை ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியால தோல் உரியுமே, அந்தக் கிருமியோட விஷமும் இதே 1ம் நம்பர் கொக்கியைத்தான் வெட்டுது, மைக்ராஸ்கோப்புல ரெண்டும் ஒரே அடுக்குலதான் பிளந்து நிக்கும். ஒரு இடத்துல வெட்டு, ஒரு இடத்துல அடைப்பு, விளைவு ஒண்ணு.

சேலம்_செல்வி:

கயல், நான் இந்த நோயோட 6 வருஷமா இருக்கேன், இப்ப மருந்தே இல்லாம 2 வருஷம் ஆச்சு, இதை முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க.

பெட்ஷீட்ல ஒட்டுதுன்னு எழுதியிருந்தீங்க, அதைப் படிச்சதும் என்னால அடுத்த வரிக்குப் போக முடியல. நான் வார்டுல இருந்தப்ப எனக்கு வாழை இலைலதான் படுக்கை. ஒரு வயசான நர்ஸம்மா தினம் காலைல குருத்து இலையா பார்த்து எடுத்து, நல்ல தண்ணில கழுவித் துடைச்சு, நடு நரம்பைச் சீவி எடுத்துட்டு, பளபளன்னு இருக்கற மேல்பக்கத்துல எண்ணெய் தடவி விரிப்பாங்க. முதல் ராத்திரி முதுகு அதுல பட்டதும் குளிர்ச்சியா ஒரு இதம், திரும்பிப் படுத்தா இலை சரசரன்னு சத்தம் வரும் ஆனா தோல் ஒட்டாது. தீக்காய வார்டுலயும் இதைத்தான் பண்றாங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இன்னைக்கு ராத்திரியே பண்ணுங்க, இலை கிழிஞ்சாலோ வாடினாலோ மாத்திடணும். ஜாக்கெட் வேண்டவே வேண்டாம், பழைய காட்டன் வேட்டி, நல்லா துவைச்சு துவைச்சு நைஞ்சு போனது, அதை மேல போத்தி விடுங்க.

சாப்பாடு ஆற வச்சு குடுங்க, மிளகாய் புளி வேண்டாம், குழைஞ்ச தயிர் சாதம், ஆறின கஞ்சி, இளநி. அப்பளம் முறுக்கு மாதிரி குத்துறது எதுவும் வாய்ல போகக்கூடாது. நான் முதல் மாசம் பயந்துகிட்டு சாப்பிடாம இருந்து 9 கிலோ இறங்கிட்டேன், அது நோயை விட மோசம்.

எனக்கும் வாய்ப்புண்ணுதான் முதல்ல. ஏழு மாசம் பல் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், வயித்து டாக்டர்னு சுத்தினேன். ஒருத்தர் கூட தோல் டாக்டரைப் பாருங்கன்னு சொல்லல. வாய்க்குள்ள புண்ணுக்கு தோல் டாக்டரான்னு எனக்கும் தோணல. சாதா வாய்ப்புண்ணு ரெண்டு வாரத்துல ஆறிடும், அதுக்கு மேல ஒரு மாசம் ரெண்டு மாசம்னு நின்னுச்சுன்னா யாரா இருந்தாலும் தோல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

கொங்கு_பிரகாஷ்:

எங்க அப்பாவுக்கு 76, அவருக்கும் ஆன்டிபாடியால வர்ற கொப்புளம்னுதான் சொன்னாங்க ஆனா நீங்க சொல்றதுக்கும் அதுக்கும் ஒத்தே வரலயே. வாய்ல ஒண்ணுமே இல்ல. மூணு மாசம் வெறும் அரிப்பு, ராத்திரி தூங்கவே மாட்டார், அப்புறம் தொடையிலயும் கைலயும் பெரிசு பெரிசா கொப்புளம், நாவல்பழம் சைஸ்ல, அமுக்கினா கூட உடையாம டைட்டா நிக்கும். புல்லஸ் பெம்ஃபிகாய்டுன்னு எழுதியிருக்கு. டாக்டர் முதல்ல கேட்டதே சுகர் மாத்திரை என்னன்னுதான், வில்டாக்ளிப்டின்னு சொன்னதும் அதை நிறுத்திட்டு வேற மாத்திக் குடுத்தார். சுகர் மாத்திரைக்கும் கொப்புளத்துக்கும் என்ன சம்பந்தம்?

லேப்_முருகன்:

பிரகாஷ், அது அக்கா தங்கச்சி நோய் ஆனா சண்டை நடக்குற இடம் வேற. 1953 வரைக்கும் டாக்டருங்களே ரெண்டையும் ஒண்ணாத்தான் போட்டுக் குழப்பிட்டு இருந்தாங்க, வால்டர் லீவர்ங்கிறவர்தான் மைக்ராஸ்கோப்புல பார்த்து இது வேற அது வேறன்னு பிரிச்சார்.

கயல் அம்மாவுக்கு செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல பிடி விட்டுப் போச்சு. அடி வரிசை செல்லு மட்டும் தரையைப் பிடிச்சுக்கிட்டு தனித்தனியா நிக்கும், ஸ்லைடுல பார்த்தா கல்லறைத் தோட்டத்துல கல்லு நட்ட மாதிரி வரிசையா தெரியும், அதுக்கு மேல உள்ளது மிதக்கும். மூடி மெலிசு, அதனால தொட்டா உடையும். உங்க அப்பாவுக்கு அந்த அடி வரிசையைத் தரையோட சேர்த்து வச்சிருக்கற ஆணிதான் குறி, பிபி180ன்னு ஒரு புரதம், கொலாஜன் 17ன்னும் சொல்வாங்க. அங்க பிரிஞ்சா மேல்தோல் மொத்தமா ஒரே கனமான மூடியா எழும்பும், அதான் டைட்டா நிக்குது, உடைய மாட்டேங்குது.

வேலை செய்யற விதமும் வேற. பெம்ஃபிகஸ்ல ஆன்டிபாடி தனி ஆளாவே காரியத்தை முடிச்சிடும். பெம்ஃபிகாய்டுல ஆன்டிபாடி உக்காந்து ஆளைக் கூப்பிடும், காம்ப்ளிமென்ட்ங்கிற ரத்தப் புரதங்க வரும், தோல்ல இருக்கற மாஸ்ட் செல்லு வெடிக்கும், ஈசினோஃபில் நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணுக்கள் எல்லாம் கூட்டமா வந்து எலாஸ்டேஸ் மாதிரி என்சைமைக் கொட்டி அந்த ஆணியைக் கரைக்கும். அந்தக் கூட்டத்தாலதான் கொப்புளத்துக்கு முன்னாடியே அவ்ளோ அரிப்பு. வயசானவங்களுக்கு மாசக்கணக்கா அரிச்சா ட்ரை ஸ்கின்னு சொல்லி விட்டுடக் கூடாது.

மாத்திரை விஷயம் உண்மைதான். வில்டாக்ளிப்டின், சிட்டாக்ளிப்டின், லினாக்ளிப்டின்னு இந்த க்ளிப்டின் குடும்பத்துல பெம்ஃபிகாய்டு வர்ற ரிஸ்க் கூடுதுன்னு பல நாட்டு ரெக்கார்டுல பதிவாயிருக்கு, வில்டாக்ளிப்டின்ல அதிகம். நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் இதைப் போடுறாங்க, அதுல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அதனால படிச்ச உடனே யாரும் தானா நிறுத்திடாதீங்க, அரிப்பு கொப்புளம் இருந்தா டாக்டர்கிட்ட மாத்திரைச் சீட்டைக் காட்டுங்க.

இயற்கை_வாழ்வு:

இதெல்லாம் எதிர்ப்பு சக்தி குறைவால வர்றதுதாங்க. ஸ்டீராய்டு போட்டா உடம்பு கெட்டுரும். நிலவேம்புக் கஷாயம், சீந்தில் பொடி தினமும் குடுத்து எதிர்ப்பு சக்தியை ஏத்துங்க, மூணு மாசத்துல சரியாகும்.

தோல்_பிஜி_மதுரை:

ஐயா, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க ஆனா தயவு செஞ்சு இந்த நோய்க்கு இதைச் சொல்லாதீங்க. இங்க எதிர்ப்பு சக்தி குறையல, குறி தப்பிப் போயிருக்கு. அதை ஏத்தி விட்டா குறி தப்பின துப்பாக்கிக்கு இன்னும் தோட்டா குடுத்த மாதிரி. கஷாயத்தை நம்பி ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்திட்டு உடம்புல பாதி தோல் இல்லாம, சீழ் வச்சு, காய்ச்சலோட வந்தவங்களை நான் வார்டுல கையால தொட்டு டிரஸ்ஸிங் பண்ணியிருக்கேன், அதுல எல்லாரையும் காப்பாத்த முடியல. 1950கள்ல ஸ்டீராய்டு வர்றதுக்கு முன்னாடி பெம்ஃபிகஸ் வல்காரிஸ் வந்தா பெரும்பாலானவங்க பிழைச்சதே இல்ல. ஸ்டீராய்டுக்கு பக்க விளைவு இருக்கு, சுகர் ஏறும், எலும்பு தேயும், முகம் ஊதும், இல்லைன்னு யாரும் சொல்லல, அதனாலதான் அளவைக் குறைக்கத் துணை மருந்து தேடுறோம்.

நம்ம நாட்டுல இதுக்கு ஒரு பெரிய வழி காட்டுனவர் டெல்லி எய்ம்ஸ்ல இருந்த டாக்டர் பஸ்ரிச்சா. 1980கள் தொடக்கத்துல டெக்ஸாமெத்தசோன் 100 மில்லிகிராம் ட்ரிப்ல தொடர்ந்து மூணு நாள், அதுல ஒரு நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 500 மில்லிகிராம் சேர்த்து, 28 நாளுக்கு ஒரு தடவைன்னு பல்ஸ் முறையைக் கொண்டு வந்தார். இந்தியா முழுக்க எத்தனையோ பேர் அதுல பிழைச்சாங்க. இப்ப ரிட்டுக்ஸிமாப் வந்துருச்சு, ஆன்டிபாடியை உருவாக்குற பி செல்லுங்களோட கூட்டத்தையே காலி பண்ணும். 1 கிராம் ட்ரிப், 15வது நாள் இன்னொரு 1 கிராம். 2017ல பிரான்ஸ்ல 90 பேரை வச்சு பண்ணின ஆய்வுல, ரெண்டு வருஷம் கழிச்சு மருந்தே இல்லாம கொப்புளமும் இல்லாம இருந்தவங்க ரிட்டுக்ஸிமாப் குடுத்த பக்கம் 89 சதவீதம், வெறும் ஸ்டீராய்டு பக்கம் 34 சதவீதம்.

கயல் மேடம், ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. ட்ரிப் போட்ட மறுநாள் கொப்புளம் நிக்காது. புது ஆன்டிபாடி உற்பத்தி குறைஞ்சாலும் ஏற்கனவே ரத்தத்துல ஓடிட்டு இருக்கற ஐஜிஜி பாதியாகவே மூணு வாரம் கிட்ட ஆகும், அப்புறம் அதுல பாதியாக இன்னும் மூணு வாரம். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் ஸ்டீராய்டு. மருந்து வேலை செய்யலன்னு பாதில டாக்டரை மாத்திட்டுப் போறவங்க நிறைய.

சேலம்_செல்வி:

ஆமா எனக்கு ரெண்டாவது ட்ரிப் போட்டு ஏழாவது வாரம்தான் புதுக் கொப்புளம் வர்றது நின்னுச்சு. அந்த ஏழு வாரமும் தினம் காலைல கண்ணாடில வாயைத் திறந்து எண்ணிட்டு இருப்பேன்.

இன்னொண்ணு கேக்கணும்னு நினைச்சேன், எனக்கு வார்டுல பக்கத்து பெட்ல ஒரு பொண்ணு கர்ப்பமா இருந்தா, அவளுக்குப் பிறந்த குழந்தைக்கும் நாலஞ்சு கொப்புளம் இருந்துச்சு, ஒரு மாசத்துல தானா போயிருச்சு. அப்ப இது பரம்பரையா வருமா?

தோல்_பிஜி_மதுரை:

அது பரம்பரை இல்லங்க, அம்மாவோட ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போயிருக்கு. சாதாரணமா அதே வழிலதான் அம்மாவோட நோய் எதிர்ப்பு குழந்தைக்குப் போகும், இங்க தப்பான ஆன்டிபாடியும் கூடவே போயிருச்சு. குழந்தை அதைத் தானா உருவாக்கல, அதனால அம்மாகிட்ட வாங்கினது கரையக் கரைய கொப்புளமும் போயிரும். இதுல ஒரு அழகு பாருங்க, 1ம் நம்பருக்கு மட்டும் ஆன்டிபாடி இருக்கற அம்மாவுக்குப் பிறந்த குழந்தைக்கு அனேகமா ஒண்ணும் ஆகாது, ஏன்னா பிறந்த குழந்தையோட தோல்ல 3ம் நம்பர் எல்லா அடுக்குலயும் பரவி இருக்கும், வாய் மாதிரி, அது தாங்கிடும்.

ஆன்டிபாடிதான் குற்றவாளின்னு உலகம் ஏத்துக்கிட்டதும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1964ல பியூட்னரும் ஜோர்டனும் நோயாளி ரத்தத்துல இந்த ஆன்டிபாடியைக் கண்டுபிடிச்சாங்க, ஆனா அது காரணமா இல்ல விளைவான்னு சந்தேகம் இருந்துச்சு. 1982ல அன்ஹால்ட் குழு நோயாளியோட ஐஜிஜியை மட்டும் பிரிச்சு பிறந்த எலிக்குட்டிக்கு ஊசி போட்டாங்க, எலிக்குட்டிக்கும் கொப்புளம் வந்துச்சு. அதோட சந்தேகம் தீர்ந்துச்சு. 1991ல ஜப்பான்காரர் அமகாய், அமெரிக்கால ஸ்டான்லியோட லேப்ல இருந்தப்ப, அது ஒட்டுற கொக்கி எதுன்னு கண்டுபிடிச்சார், அதுதான் மேல முருகன் சார் சொன்ன 3.

கயல்_விருதுநகர்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. முருகன் அண்ணன் எழுதினதை வீட்ல சத்தமா படிச்சுக் காட்டினேன், எங்க மாமியார் ஒண்ணும் பேசல, எழுந்து போய் அந்தத் தனித் தட்டை எடுத்து மத்த தட்டோட சேர்த்து வச்சுட்டாங்க. சின்னவன் பாட்டி பக்கத்துல போய்ப் படுத்துக்கிட்டான். செல்வி அக்கா, வாழை இலை போட்டோம், நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாங்க, பல நாளைக்கு அப்புறம்.

ஒரு பிரச்சனை. பயாப்ஸி எடுத்தாச்சு, எடுத்த இடத்துல ரெண்டு துண்டையும் ஒரே ஃபார்மலின் பாட்டில்ல போட்டுக் குடுத்துட்டாங்க. டாக்டர் பார்த்துட்டு ஒண்ணு மறுபடியும் எடுக்கணும்னு சொல்றார். அம்மா பயந்து போய் வேண்டாங்குறாங்க. ஒண்ணு போதாதா?

லேப்_முருகன்:

போதாதும்மா, டாக்டர் சொல்றது சரி. முதல் துண்டு புதுக் கொப்புளத்தோட ஓரத்துல இருந்து எடுக்கறது, எந்த அடுக்குல பிளந்திருக்குன்னு பார்க்க, அதுக்கு ஃபார்மலின் ஓகே, அது வீணாகல. ரெண்டாவது துண்டு கொப்புளத்துக்குப் பக்கத்துல நல்லா இருக்கற தோல்ல இருந்து எடுக்கணும், அதுலதான் ஆன்டிபாடி உக்காந்திருக்கான்னு ஒளிர வச்சுப் பார்ப்போம், டைரக்ட் இம்யூனோஃப்ளோரசன்ஸ்னு பேரு. ஃபார்மலின்ல போட்டா அந்த ஒளிர்தல் செத்துரும், எங்க லேப்புக்கு அப்படி வர்ற சாம்பிளைப் பார்த்தா எனக்கு மனசே ஆறாது, ஒரு ஆளோட தோலை வெட்டி எடுத்தது சும்மா போச்சேன்னு.

அம்மாகிட்ட சொல்லுங்க, மரத்துப் போற ஊசி போட்டுட்டு பென்சில் முனைல இருக்கற ரப்பர் அளவு கூட இல்லாத துண்டுதான் எடுப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை. எடுக்கறதுக்கு முன்னாடியே நீங்க கேளுங்க, துண்டைப் போட்டு அனுப்புற மைக்கெல்ஸ் மீடியம்ங்கிற திரவம் இருக்கா, இல்லைன்னா நார்மல் சலைன்ல போட்டு அன்னைக்கே லேப்புக்கு அனுப்ப முடியுமான்னு. பாட்டில் மேல என்ன எழுதியிருக்குன்னு கண்ணால பார்த்துட்டு வாங்கிக்கோங்க. சரியா வந்தா இருட்டு ரூம்ல மைக்ராஸ்கோப்புல ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் பச்சையா கோடு ஓடும், மீன் வலையை விரிச்சுப் போட்ட மாதிரி. பிரகாஷ் அப்பா சாம்பிள்னா வலை இருக்காது, அடில ஒரே ஒரு நீளக் கோடுதான்.

கூடவே ரத்தத்துல டெஸ்மோக்ளீன் 1, 3 ஆன்டிபாடி அளவு பார்க்கற எலைசா டெஸ்ட் எழுதச் சொல்லுங்க, பின்னாடி மருந்து வேலை செய்யுதான்னு ஒப்பிட உதவும். ரிட்டுக்ஸிமாப் போடுறதா இருந்தா ஹெபடைட்டிஸ் பி டெஸ்டும் டிபிக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் முன்னாடியே எடுத்துடணும், அதையும் ஒரே நாள்ல முடிச்சா அம்மாவை ரெண்டு தடவை அலைக்க வேண்டாம். பஸ்ல கூட்டிட்டுப் போகாதீங்க, சீட்டுல உரசும், கார் கிடைச்சா பின் சீட்ல அந்த வாழை இலையையே விரிச்சு உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க.